துரோபதை தலையில் கடுக்காய்த் தண்ணீர்

முனிரத்தினத்தின் தலைமுடியைப் பற்றிப் பேசாமல் முனிரத்தினத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆள் என்னவோ சாதாரண ஆள்தான். ஒடிசலான உடம்பு, பெண்பிள்ளை மாதிரி மெல்லிய குரல், யார் எது சொன்னாலும் நம்பிவிடுகிற மனசு. ஆனால் குடுமியை அவிழ்த்துவிட்டால் முடி இடுப்பைத் தாண்டி விழும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். ஆம்பூர்க் கடைத்தெருவில் பாதிப் பேர் குடுமியை அறுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களையெல்லாம் 'நீ எப்போ?' என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். முனிரத்தினத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவன் முடி அவனுடையதல்ல, துரோபதை அம்மனுடையது என்று ஊருக்கே தெரியும்.

வருஷத்தில் பெரும்பகுதி அவன் ஆம்பூரில் தோல் ஷாப்பில் கூலி. கோடை வந்தால் அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களில் பாரதக்கூத்தில் துரோபதை வேஷம். மற்றக் கூத்துக்காரர்கள் சவுரி வைத்துக் கட்டுவார்கள். இவன் சொந்த முடியை அவிழ்த்துவிட்டு ஆடுவான். கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிகிறாள் என்பார்களே, இங்கே மகராசிக்கு மீசை இருந்தது, அவ்வளவுதான். கூத்துக்கு முந்தின நாள் அதையும் எடுத்துவிடுவான்.

தோல் ஷாப்பில் அவனுக்கு ஒரு பிடிவாதம். ஆட்டுத்தோலை முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். மயிர் இளகிக்கொள்ளும், கத்தியால் வழித்துத் தள்ளுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் போட்டால் தோல் இறுகிப் பதமாகும். முனிரத்தினம் சுண்ணாம்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். "மயிரைக் கழிக்கிற எடத்துல எனக்கு இன்னா வேல?" என்று பட்டைத் தொட்டியோடு நின்றுகொள்வான். மேஸ்திரியும் விட்டுவிட்டார்.

பட்டைத் தொட்டியில் அவனைப் போலக் கண்டிப்பான ஆள் கிடையாது. அங்கே ஒரு சட்டம் உண்டு: இரும்பு கிட்டே வரக்கூடாது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஏறிய தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் மையாகக் கறுத்துப்போகும், தோல் விலை போகாது. புது ஆள் யார் வந்தாலும் முனிரத்தினம் முதலில் அரைஞாண் கயிற்றைத்தான் பார்ப்பான். சாவி தொங்கினால் கழற்றிவைக்கச் சொல்வான். ஒருமுறை தொட்டிக்குள் ஒற்றை ஆணி விழுந்ததற்கு அவன் போட்ட கூச்சலில், குழந்தைதான் விழுந்துவிட்டது என்று பக்கத்துத் தெருவே ஓடிவந்தது.

இப்படிப்பட்டவன்தான் அந்த வருஷம் மாசி மாதத்தில், வீட்டுப் பின்பக்கம் பெண்டாட்டி சௌந்தரத்திடம் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புருஷன் தலைக்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுப்பது அவள் வேலை. அவளுடைய சொந்தக் கூந்தல் எலிவால்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை, மிச்சமெல்லாம் பெருமை. சிக்கெடுத்துக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"மாமா, இங்க ஒரு காலணா ஒட்டியிருக்குது."

"எடுத்து வச்சிக்கோ" என்றான் முனிரத்தினம்.

"எடுக்க வராது. இது உன் மண்டை."

உச்சிக்குச் சற்றுப் பின்னால், காலணா அளவுக்கு, வழித்துவிட்டது மாதிரி வழவழவென்று ஒரு சொட்டை. விரலால் தடவிப் பார்த்தவன், தலை முழுக்கத் தேடச் சொன்னான். நன்றாகத் தேடினதில் காதுக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. புழுவெட்டு.

அவன் அவ்வளவு பயந்ததற்குக் காரணம் அழகு இல்லை. அணைக்கட்டுப் பக்கம் அவன் ஆடுகிற ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரிக் கூத்தைச் சவுரி வைத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம், தீவட்டி வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. ஆனால் கடைசி நாள் படுகளம், பட்டப்பகலில். மண்ணால் செய்த துரியோதனன் தொடையைப் பீமன் பிளப்பான். துரோபதை வந்து, பதினெட்டு நாள் சண்டை முழுக்க விரித்துப்போட்ட கூந்தலை அங்கே அள்ளி முடிய வேண்டும். முடிவதற்கு முன்னால், வேண்டுதல் உள்ள பெண்கள் அவள் உச்சியில் எலுமிச்சம்பழம் பிழிந்து கோபத்தைத் தணித்து, ஆளுக்கு ஒரு சீப்பாக அந்தக் கூந்தலை வாரிவிடுவார்கள். சீப்புப் போகிற தலையில் சவுரி நிற்குமா? சொந்த முடி உள்ளவன்தான் படுகளத்துக்கு வரலாம் என்பது அந்த ஊர்க் கட்டளை.

கூத்து வாத்தியார் பஞ்சாட்சரம் மாசிக் கடைசியில் வெற்றிலை பாக்கோடு வந்தார். கூடவே சுப்பராயனும் வந்திருந்தான். சிறுவயசுக்காரன், துரோபதை வேஷத்தின்மேல் ஒரு கண், தலைக்குப் பின்னால் புதிதாக நீள முடி வளர்த்துக்கொண்டிருந்தான்.

"முடி சௌக்கியமா?" என்றார் வாத்தியார். உடம்பு சௌக்கியமா என்று அவர் கேட்டதே இல்லை.

"நல்லா இருக்குது வாத்தியாரே" என்றான் முனிரத்தினம், குடுமியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சுப்பராயன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் முடியைத் தடவிக்கொண்டான். அந்தத் தடவலில் முனிரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே வைத்தியம் ஆரம்பமாயிற்று.

முதலில் சின்ன வெங்காயம். காலையும் மாலையும் சௌந்தரம் நசுக்கித் தேய்த்தாள். சொட்டை கொஞ்சம் சிவந்தது. வீடு முழுக்கத் தாளிப்பு வாசனை, சாம்பார் மட்டும் இல்லை. நாள்பூராவும் தோல் வாடையில் நிற்கிற சகவேலைக்காரர்கள், "நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்று சொன்னார்கள். தோல் ஷாப்பில் ஒருவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது லேசான விஷயமில்லை.

அடுத்தது ஆற்றுத்துமட்டிக் காய். பாலாற்று மணலில் படர்ந்து கிடக்கும், கசப்பில் எட்டிக்கு அண்ணன். இரண்டாக அறுத்துச் சொட்டையில் தேய்க்க வேண்டும், அதுவும் கொஞ்சமாக. கொஞ்சத்தில் முனிரத்தினத்துக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு முழுக்காயைத் தேய்த்துத் தீர்த்தான். தலை நெருப்பாக எரிந்தது. கொப்புளம் போட்டது. தேய்த்த கையால் கண்ணைக் கசக்கியதில் கண் இரண்டும் வீங்கி, மறுநாள் வேலைக்கே போகவில்லை. கொப்புளம் ஆறினபோது அதன் விளிம்பில் பூனைமுடி மாதிரி ஏதோ தெரிந்ததாகச் சௌந்தரம் சொன்னாள். அவனுக்குத்தான் பொறுமை இல்லை.

பிறகு கடைத்தெரு நாவிதர் கடையில் விற்ற மெட்ராஸ் பாட்டில். அதன் காகிதத்தில் ஒரு பெண் பாதம்வரை கூந்தலோடு நின்றாள். வாசனை என்றால் வாசனை, தெருவே திரும்பிப் பார்த்தது. தலையில் அரிப்பெடுத்துப் பொடுகு உதிர்ந்தது. ராத்திரி தலையணைக்கு எறும்பு வந்தது. முளைத்தது மட்டும் ஒன்றுமில்லை.

"விடுறா, பேஜார் பண்ணிக்காத" என்றார் ஜான் பாஷா. தோல் ஷாப்பில் கடுக்காய் இடிக்கிறவர், முனிரத்தினத்துக்கு உயிர்த் தோஸ்த். சொட்டை விஷயம் சௌந்தரத்துக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். "நீயும் நானும் தோல்காரங்க. நாம எதுக்குப் பாட்டில் வாங்கணும்? மயிரு ஏன் உதிருது? தோல் இளகிப்போச்சு. சுண்ணாம்புக் குழியில நடக்குதில்ல, அதான். தோல் இறுகணும்னா இன்னா போடுவோம்?"

"கடுக்காய்" என்றான் முனிரத்தினம். சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

இதைவிடப் பொருத்தமான யோசனை உலகத்தில் உண்டா? தோல்காரன் மூளைக்கு இதைத் தவிர வேறென்ன தோன்றும்? அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜான் பாஷா ஒரு மண்சட்டியில் கெட்டியாகக் கடுக்காய்த் தண்ணீர் கொண்டுவருவார். முனிரத்தினம் தலையை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வாரத்தில் தலைத்தோல் முரசு மாதிரி இழுத்துக்கொண்டது. புருவம் மேலே ஏறிவிட்டது. தூங்கும்போதுகூட எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவன் மாதிரி இருந்தான். சிரித்தால் நெற்றி வலித்தது. "வேல செய்யுது, வேல செய்யுது" என்று ஜான் பாஷா குதித்தார். உண்மையிலேயே முடி உதிர்வது நின்றிருந்தது. தோல் இறுகியதாலா, உதிர வேண்டியது உதிர்ந்து முடிந்துவிட்டதாலா என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

இதைச் சௌந்தரத்திடம் சொல்லவில்லை. சொன்னால், "ஆட்டுத்தோலுக்குப் போடறத தலைக்குப் போடறியே, புத்தி இருக்குதா?" என்பாள். அவளும் ஒன்றைச் சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஹலீமா பீ என்ற அம்மாள் தலைக்கு ஒரு லேபம் விற்றுக்கொண்டிருந்தாள். எலுமிச்சைச் சாற்றில் துருவேறிய குதிரை லாடத்தைப் போட்டு, சாறு கலங்கி வரும்வரை ஊறவைத்து, அதில் மூலிகைப் பொடி குழைத்தது. ஜட்கா வண்டிக்காரர்களிடம் தேய்ந்த லாடம் வாங்கி வாங்கி வைத்திருந்தாள். "ரத்தம் ஏறும் பேட்டி, முடி தன்னால வரும்" என்று மகளிடம் பேசுவது போலச் சொன்னாள். "ஆனா வேற மருந்து எதுவும் தலையில இருக்கக்கூடாது. ஜாக்கிரதை." வேறு மருந்து எதுவும் இல்லை என்று சௌந்தரம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லி வாங்கிவந்தாள்.

அணைக்கட்டுக்குப் புறப்படுகிற நாள் காலையில், எண்ணெய் தேய்க்கிறேன் என்று உட்காரவைத்து, தலை முழுக்க அந்த லேபத்தை அப்பினாள். முனிரத்தினம் கண்ணை மூடிப் படுகளப் பாட்டை முனகிக்கொண்டிருந்தான். ஊறினபிறகு அவள் தண்ணீரை ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் கறுத்தது. நெற்றி கறுத்தது, காது கறுத்தது, பிடரி கறுத்தது. கழுவின கையைப் பார்த்தாள், அதுவும் மணிக்கட்டுவரை கறுப்பு. சௌந்தரம் போட்ட சத்தத்தில் முனிரத்தினம் கண்ணைத் திறந்து, அவள் கையைப் பார்த்தான். பட்டைத் தொட்டியில் வளர்ந்தவனுக்கு ஒரு பார்வை போதும்.

"அடியே, இதுல இரும்பு இருக்குதா?"

"லாடம் ஊறப்போட்டது. ஏன், உன் தலையில இன்னா இருக்குது?"

"கடுக்காய்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் உள்ளவன் அரைஞாண் சாவியையெல்லாம் அவிழ்த்தவன், தன் தலையில் குதிரை லாடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். அவனுக்கு அழுகையாக வந்தது.

ஜான் பாஷா ஓடிவந்தார். பார்த்தார். பின்பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகு பக்கத்தில் வந்து முடியை விலக்கிப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அரே முனிரத்னம்! உன் சொட்டை எங்கடா?"

சௌந்தரமும் குனிந்து தேடினாள். காணோம். மண்டைத்தோல் முழுக்க முடியின் நிறத்துக்கே கறுத்திருந்ததில், சொட்டை எது முடி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முனிரத்தினம் எழுந்து நின்று கொல்லையிலேயே ஒரு அடவு போட்டான்.

நெற்றியும் காதும் கறுப்பாக இருந்தால் அம்மன் வேஷம் போட முடியுமா? அதற்கும் ஜான் பாஷாவுக்கு வழி தெரியும். தோலில் இரும்புக் கறை பட்டால் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ப்பார்கள். அரை மூடியால் அவர் காதைத் தேய்த்தார், கறுப்பு வெளுத்தது. நெற்றியைத் தேய்த்தார், அதுவும் வெளுத்தது. முனிரத்தினம் அந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகமும் கூடவே வெளுத்தது.

"ஜான் பாய்... படுகளத்துல உச்சியில எலுமிச்சம்பழம் பிழிவாங்களே."

ஜான் பாஷா கையிலிருந்த எலுமிச்சை மூடியைக் கீழே போட்டார். கடைசியில் சௌந்தரம்தான் கறுத்த கையால் அவன் மூட்டையைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள். "போய் ஆடு மாமா. தெரியறது தெரிஞ்சிட்டுப் போவுது. நானும் வர்றேன்." அந்த நிமிஷம் அவள்மேல் அவனுக்கு வந்த பிரியத்தை அவனால் பாடத்தான் முடியும், சொல்லத் தெரியாது.

படுகளத்தன்று சித்திரை வெயில் கொளுத்தியது. சுற்றுப்பட்டு ஜனங்களெல்லாம் மைதானத்தில். மண் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். முனிரத்தினம் மஞ்சள் சேலையில், முடியை விரித்துப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். களத்துக்கு வந்தால் கூந்தல் முடிகிறவரை துரோபதை வாய் திறக்கக்கூடாது, அது இன்னொரு கட்டளை. சுப்பராயன் பக்கத்திலேயே தயாராக நின்றான். அவன் முடி தோளைத் தொட்டிருந்தது.

முதல் பெண் பழத்தைப் பிழிந்தாள். பிடரி வழியாக ஒரு கறுப்புக் கோடு இறங்கி, மஞ்சள் சேலையில் பரவியது. முனிரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கூட்டத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பதினெட்டு நாள் ஆத்திரம், எப்பிடிக் கறுப்பா இறங்குது பாருங்கடி!" என்றாள். உடனே நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். எலுமிச்சம்பழம் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

அடுத்தது சீப்பு. வரிசையில் முதலில் வந்தவள் அஞ்சலை, அந்த ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண். அந்த வெயிலிலும் முந்தானையை நெற்றிவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவள் சீப்பு உச்சியிலிருந்து இறங்கி, சற்றுப் பின்னால் வந்து, நின்றுவிட்டது.

முனிரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. கறுப்பு கரைந்துவிட்டது, அவள் பார்த்துவிட்டாள். இனி ஒரு சத்தம் போதும். பஞ்சாட்சரம் வருவார், சுப்பராயன் உட்காருவான், இத்தனை வருஷம் எண்ணெய் தடவி வளர்த்தது அவ்வளவுதான்.

சத்தம் வரவில்லை. அஞ்சலை அவன் காதருகே குனிந்தாள்.

"ஆத்தா... உனக்குமா?"

அவன் கண்ணைத் திறந்தான். முந்தானையை அவள் ஒரு விரற்கடை விலக்கிக் காட்டினாள். நெற்றிக்கு மேலே, காலணா அளவு. வாய் திறக்க முடியாத துரோபதை தலையை மட்டும் ஆட்டினாள்.

அஞ்சலையின் கைகள் வேலையைத் தொடங்கின. தினமும் கண்ணாடி முன்னால் தன் தலையில் செய்கிற வேலைதான். பக்கத்து முடியை எடுத்து, எதிர்ப்பக்கம் வாரி, அதன்மேல் இன்னொரு பிரியைப் படியவைத்து, ஒரு பூச்சரத்தை மேலே வைத்து அழுத்தினாள். சொட்டை போன இடம் தெரியவில்லை. அடுத்த பெண்ணின் சீப்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. துரோபதை எழுந்தாள், மண் துரியோதனனின் பிளந்த தொடையில் ஊற்றியிருந்த செந்நீரைத் தொட்டுக் கூந்தலில் தடவினாள், அள்ளி முடிந்தாள். மைதானம் முழுக்கக் குலவைச் சத்தம். கூட்டத்தில் நின்ற சௌந்தரம் கறுத்த கைகளை முந்தானைக்குள் மறைக்க மறந்து கைதட்டினாள்.

எல்லாம் முடிந்து, முனிரத்தினம் புளியமர நிழலில் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள்.

"இன்னா மருந்து போடறீங்க அண்ணே?"

அவன் எதையும் மறைக்கவில்லை. "வெங்காயம் நாறும், கெடுதல் இல்ல. துமட்டிக் காய் கொஞ்சம் வேல செய்யுது, ஆனா தொட்டும் தொடாம வைக்கணும். என்ன மாதிரி முழுக்காயத் தேச்சா கண்ணு போயிடும். மெட்ராஸ் பாட்டில் எறும்புக்குத்தான். கடுக்காய் போட்டா சிரிக்க முடியாது. கடுக்காய் மேல இரும்பு போட்டா..." என்று பிடரியைக் காட்டினான். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்ல யாருக்கும் தெரியாதுண்ணே. கல்யாணம் ஆனதிலேருந்து இந்த முந்தானைய எறக்கினதே இல்ல. வேண்டுதல் முடிக்கத்தான் வந்தேன்." புளியமரத்தை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, "அம்மனுக்கே இருக்குதுன்னா, எனக்கு இன்னா வெக்கம்?" என்று முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், ஜனங்களுக்கு நடுவே நடந்து போனாள். முனிரத்தினம் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பொய்யை அவள் மறைத்தாள், அவன் நிஜம் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

ஆடி மாதத்துக்குள் முனிரத்தினத்தின் சொட்டைகளில் முடி முளைத்துவிட்டது. முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாக. முளைத்ததும் ஆளாளுக்குப் பங்குக்கு வந்தார்கள். கடுக்காய்தான் என்றார் ஜான் பாஷா. லாடம்தான் என்றாள் ஹலீமா பீ. பாட்டில் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார் நாவிதர். இந்த வியாதி பல பேருக்குத் தானாக வந்து தானாகவே போகும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? பஞ்சாட்சரம் மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல, அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கோடு வந்து, "முடி சௌக்கியமா?" என்றார்.

அடுத்த படுகளத்திலும் சீப்பு வரிசையில் அஞ்சலைதான் முதல் ஆள். அவளுக்கு இன்னும் முழுசாக முளைக்கவில்லை, ஆனால் முந்தானை தோளில் கிடந்தது. சொட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு கொத்து மல்லிகை வைத்திருந்தாள். அவள் கை பழக்கத்தில் துரோபதையின் உச்சியில் அந்த இடத்தைத் தேடியது, அடர்ந்த முடிக்குள் தடுமாறியது.

"எங்கண்ணே போச்சு?" என்று கிசுகிசுத்தாள்.

கட்டளையாவது ஒன்றாவது. முனிரத்தினம் களத்தில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.